சட்டைக்கும் ஒரு பூட்டா?



போன கிழமை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. விடுமுறைக்கு வந்திருந்த மருமகன், காசு கொடுத்து வாங்கிய கேம் ஒன்றை எங்கள் லெப்டொப்பில் விளையாடிக்கொண்டிருந்தான். பின்னேரம் கரண்ட் போனது, ரவுட்டரும் நின்றது. லெப்டொப் பெட்டரியில் ஓடியது, கேமும் ஓடியது. ஆனால் முதல் நாள் அவன் வென்றெடுத்த உடுப்பையும் வாளையும் காணவில்லை. இணைப்பு இல்லையாம்.

"மாமி, இது நான் வாங்கினதுதானே?" என்று கேட்டான்.

எங்கள் வீட்டுக்காரர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கேம் ஓடுதுதானே, அது சும்மா போனஸ்."

டிஆர்எம் என்று ஒன்று இருக்கிறது. விற்ற பிறகும் விற்றவர் கையில் சாவியை வைத்திருக்கும் டிஜிட்டல் பூட்டு. போனஸுக்கு மட்டும் போட்ட பூட்டு அதில் சேருமா என்பதுதான் கேள்வி. முதலில் எங்களுக்கும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

பிறகு ஹிட்மேன் விடயத்தைத் தேடி வாசித்தோம். ஜி.ஓ.ஜி. என்ற கடை 2008 முதல் 'எங்களிடம் டிஆர்எம் இல்லை' என்று பெயர் எடுத்தது. 2021 செப்டம்பரில் அங்கே 2016ஆம் ஆண்டு ஹிட்மேன் விற்பனைக்கு வந்தது. இணையம் இல்லாமலும் கதையை விளையாடலாம். ஆனால் விளையாடி வெல்லும் ஆயுதங்களும் புதிய தொடக்க இடங்களும் சேர்வரோடு பேசினால்தான் திறக்கும். வாங்கியவர்கள் கொதித்துப்போய் மிகக் குறைந்த மதிப்பெண்களைக் குவித்தார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி கடையே அதை எடுத்துவிட்டது. பிள்ளை உழைத்து வென்றதைப் போனஸ் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அது கேமின் பாதி உயிர்.

சிக்கலானது சைபர்பங்க் 2077. ஜி.ஓ.ஜி. கணக்கை இணைத்தால் விட்சர் கேமை நினைவூட்டும் ஜாக்கெட் போன்ற சில பொருட்கள் கிடைக்கும். கதைக்கு அவை தேவையே இல்லை. இதற்கு டிஆர்எம் என்று சண்டை பிடிப்பது அதிகம் என்றார் வீட்டுக்காரர். ஷாபிஈ மத்ஹபில் ஹதியா கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நமக்குச் சொந்தம், அதற்கு முன்னர் கொடுப்பவர் மனம் மாறலாம். (மௌலவிமார் பிழை இருந்தால் திருத்துங்கள்.) அந்தக் கணக்கில், கணக்கை இணைக்கச் சொல்வதில் குறை காண முடியவில்லை. ஆனால் கொடுத்து முடித்த ஜாக்கெட்டை ஒவ்வொரு முறை உடுக்கும்போதும் அனுமதி கேட்க வைத்தால், சட்டை சிறியது என்பதற்காக அது பூட்டு இல்லை என்றாகாது. மருமகனுக்கு நடந்தது இதுதான்.

"அந்தக் கம்பனி சேர்வரை மூடினா?" என்று கேட்டான். 2014இல் வந்த த க்ரூ கார்ப் பந்தயக் கேமைக் காட்டினோம். அதற்கு எப்போதும் இணையம் வேண்டும். 2024 மார்ச் 31 சேர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்தவர்களிடம் வெறும் டிஸ்க் மிஞ்சியது.

பிள்ளைகளுக்குக் கேம் வாங்கிக் கொடுக்கும் வாப்பாமார் உம்மாமாருக்கு ஒன்று: வாங்கிய அன்றே வைஃபையை நிறுத்திவிட்டு விளையாடச் சொல்லிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கியிருந்தால், 14 நாளைக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம்.

மஃரிபுக்குப் பிறகு கரண்ட் வந்தது, வாளும் வந்தது. வீட்டுக்காரர் இன்னும் போனஸ்தான் என்கிறார்.