மாஸ்டர் பிள்ளை வேஷம்

தில்லியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நண்பர்களைச் சம்பாதித்துக் கொடுத்தவர் நடிகர் மெஹ்மூத். 1968இல் வந்த ‘படோசன்’ படத்தில் குடுமி வைத்துக்கொண்டு, இந்தியைக் கடித்துத் துப்பும் தமிழ்ப் பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளையாக வருவாரே, அவர்தான். ஆபீஸ் பார்ட்டி என்றால், “மதராசி, பிள்ளை மாதிரி ஒரு தடவை” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். “அய்யய்யோ” என்று இழுத்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, இந்தியில் ஆண்பால் பெண்பாலைக் குழப்பினால் போதும், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள். என் இந்தி உண்மையில் அவ்வளவு மோசமில்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தப்பு விடுவேன்.

வலித்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. ‘ஏக் சதுர் நார்’ பாட்டைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. (சங்கீதம் படித்த பிள்ளை அதில் தோற்பது, சுனில் தத் வாயசைக்க கிஷோர் குமார் ஒளிந்திருந்து பாடும் கோல்மாலிடம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.) நம் படங்களில் வட்டிக்கடை சேட்டு “நம்பள்கி நிம்பள்கி” என்றபோது தியேட்டரில் விசிலடித்த கூட்டத்தில் நானும் இருந்தவன்தானே.

பக்கத்து சீட்டில் ஒரு மணிப்பூர்க்காரர். முகத்தைக் கேலி செய்து அவரை ‘சிங்க்கி’ என்பார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தால் நாய்க்கறி ஜோக், கம்ப்யூட்டரைப் பார்த்தால் கண்ணைத் திறந்து வேலை செய்யச் சொல்லும் ஜோக். அவர் சிரிக்கமாட்டார், சண்டையும் போடமாட்டார். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். “மதராசியைப் பார், எவ்வளவு ஜாலியாக எடுத்துக்கொள்கிறான்!” என்று என்னைக் காட்டி அவரை மட்டம் தட்டுவார்கள். என் சிரிப்பு அவர் முதுகில் விழும் பிரம்பாகியிருந்தது.

ஒருநாள் டீ குடிக்கும்போது, கொஞ்சம் அனுசரித்துப் போகக்கூடாதா என்று அவரிடம் கேட்டேன். “உங்களுக்கென்ன பாய், பேச்சை மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். நான் முகத்தை எங்கே கழற்றி வைப்பது?” என்றார்.

2014 ஜனவரியில், எங்கள் ஆபீஸிலிருந்து அதிகத் தூரமில்லாத லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் ஆத்திரத்தில் கடைக் கண்ணாடியை உடைக்க, அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். வடகிழக்கு மக்கள் படும் பாட்டை ஆராய மத்திய அரசு பேஸ்பருவா கமிட்டியை அமைத்தது அதற்குப் பிறகுதான். அதுவரை, கேலிக்குச் சிரிக்காதவனுக்கு மிஞ்சிப்போனால் ‘சிடுமூஞ்சி’ என்ற பட்டம் கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் இந்த மாதிரி ஜோக் காதில் விழுந்தால் சிரிப்பவர்களை விட்டுவிட்டு, சிரிக்காத ஆளை அவர்கள் அப்புறம் எப்படி நடத்துகிறார்கள் என்று கவனிக்கிறேன்.

நிடோ இறந்த பிறகு வந்த ஆபீஸ் பார்ட்டியில் வழக்கம்போல மாஸ்டர் பிள்ளையைக் கேட்டார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். சரி போ என்று, புதிதாகச் சேர்ந்திருந்த பீகார்ப் பையனை எழுப்பி நிறுத்தினார்கள். அவன் கூச்சமே படவில்லை, நன்றாகவே செய்தான்.