சோளமாவும் சிவகாசிக்காரனும்

கலர் பவுடர்னா ஹோலி, ஹோலின்னா இந்தியா, இந்தியான்னா நான். அமெரிக்காவுல இந்தக் கணக்கு இப்படித்தான் நேர்கோட்டுல போகும் மக்களே. நான் பொறந்து வளர்ந்தது சிவகாசி. அங்க ஏது ஹோலி? பங்குனிப் பொங்கலுக்கு முறைப்பொண்ணுங்க மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, சட்டை பாழாகும். அம்புட்டுதான் நமக்கும் கலருக்கும் உள்ள சம்பந்தம்னு இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

இப்ப இருக்கிறது மினியாபொலிஸ் பக்கத்துல ஒரு சின்ன ஊர். மூணாவது படிக்கிற மக ஸ்கூல்ல நிதி திரட்ட கலர் ஓட்டம்னு அறிவிச்சாங்க. தெரியாதவங்களுக்காக: 2012 ஜனவரியில அரிசோனாவுல 5 கிலோமீட்டர் கலர் ஓட்டம் ஒண்ணு நடத்தினாங்க. யார் முதல்ல வந்தாங்கன்னு கணக்கு கிடையாது. வெள்ளைச் சட்டையில கிளம்பணும், வழியெல்லாம் கலரை அடிப்பாங்க, வானவில்லா வந்து சேரணும். ஹோலியைப் பார்த்து வந்த யோசனையும் அதுல உண்டு. அது பிச்சிக்கிட்டுப் போயி, இப்ப ஸ்கூல் மைதானம் வரைக்கும் வந்துடுச்சு.

பெற்றோர் சங்கத்துத் தலைவியம்மா என்னைப் பார்த்ததும், "நீங்கதான் சரியான ஆள், கலர் பாயிண்ட் பொறுப்பு உங்களுக்கு"ன்னுட்டாங்க. தங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே!

சனிக்கிழமை காலையில அட்டைப்பெட்டியைப் பிரிச்சேன். சோளமாவுல சாப்பாட்டுக் கலர் கலந்த பவுடர். கையில அள்ளினா பட்டு மாதிரி வழுக்குது. தலையைத் தூக்கிப் பார்த்தா ஓட்டம் முடியற கோட்டுல இருந்து நாலே எட்டுல ஒரு அப்பா கரி அடுப்பு பத்த வச்சு, ஹாட் டாக் சுட ரெடியாகிட்டிருக்கார். அந்தக் கோட்டுலதான் கடைசியில இருநூறு புள்ளைங்களும் நெருக்கி நின்னு, பத்து, ஒம்பதுன்னு எண்ணி, ஆளுக்கொரு பாக்கெட்டை ஒரே நேரத்துல மேல வீசப் போறாங்க.

எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

எங்க அம்மா பதினெட்டு வருஷம் பட்டாசு ஆலையில வேலை பார்த்தவங்க. சாயங்காலம் வரும்போது முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் மினுங்கும், காதோரத்துல கூட வெள்ளி பூசின மாதிரி இருக்கும். ஓடிப்போய்க் கட்டிக்கப் போனா, "தொடாத, குளிச்சிட்டு வாரேன்"னு தள்ளி நிப்பாங்க. எங்க ஊர்ல உடம்புல கலரோட வீட்டுக்கு வர்றவங்க விளையாடிட்டு வர்றவங்க இல்ல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்து நடந்தப்ப நான் இங்க வந்து ரெண்டு வருஷம். அம்மா போன் எடுக்கிற வரைக்கும் இருந்த அந்த அரை மணி நேரம் இன்னும் உடம்புக்குள்ளயே இருக்கு.

தலைவியம்மாகிட்ட போனேன். "அடுப்பைத் தள்ளி வைக்கணும்"னேன். "இது வெறும் மாவுதானே, சாப்பிடக்கூட செய்யலாம்"னாங்க.

அவங்க சொன்னது நியாயம்தான். குவிச்சு வச்ச மாவுல தீக்குச்சியைப் போட்டா சும்மா கருகும். அதே மாவு காத்துல மேகமா நிக்கும்போது ஒவ்வொரு துகளையும் காத்து சுத்திக்கிட்டு நிக்குது. ஒண்ணு பத்தினா பக்கத்துல இருக்கிறது பத்தும், கண் இமைக்கிறதுக்குள்ள மொத்த மேகமும் நெருப்பு. 2015 ஜூன் 27, தைவான்ல நியூ தைபே பக்கம் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுல இதான் நடந்துச்சு. தண்ணி வடிச்ச குளத்துக்குள்ள கூட்டம், மேடையில இருந்து கலர் சோளமாவைப் பீய்ச்சி அடிச்சாங்க. சூடான மேடை விளக்குல பட்டுப் பத்திக்கிச்சு. 15 பேர் செத்துப் போனாங்க, காயம்பட்டவங்க 500 பேர் அளவுல. எல்லாம் இளவட்டப் புள்ளைங்க.

இதைச் சொன்னதும் அந்தம்மா முகத்துல, 'தைவான் எங்கேயோ இருக்கு'ங்கிற பார்வை. சரி, உள்ளூர்க் கதைக்கு வருவோம்னு, "மில் சிட்டி மியூசியம் பார்த்திருக்கீங்களா?"ன்னேன். மினியாபொலிஸ்காரங்க பார்க்காம இருப்பாங்களா? 1878 மே 2-ஆம் தேதி வெடிச்ச வாஷ்பர்ன் ஏ மில் இருந்த இடத்துலதான் அந்த மியூசியமே நிக்குது. 18 பேர் உயிரைக் குடிச்சது வெடிமருந்து இல்ல, கோதுமை மாவுத் தூசி. அப்புறம் அதே இடத்துல திரும்பக் கட்டின மில் 1991-ல எரிஞ்சு போச்சு, அந்த இடிபாட்டுக்குள்ளதான் மியூசியம் கட்டினாங்க.

அந்தம்மா ஒரு நிமிஷம் பேசல. அடுப்பைப் பார்த்தாங்க, பெட்டியைப் பார்த்தாங்க. அப்புறம் கடகடன்னு வேலை நடந்துச்சு. அடுப்பு ஸ்கூலுக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துற இடத்துக்குப் போச்சு. ஒரே நேரத்துல வீசுறது ரத்து. அதுக்குப் பதிலா அமுக்குற பாட்டில்ல நெஞ்சுக்குக் கீழே மட்டும் அடிக்கிறது, ஓடிக்கிட்டே இருக்கிறது. ஆஸ்துமா உள்ள புள்ளைங்களுக்கு ஓரமா பவுடர் இல்லாத தனி வழி. திறந்த வெளி, நல்ல காத்து, கும்பலா நிக்காத கூட்டம், பக்கத்துல நெருப்பு இல்ல. இதுக்கு மேல பயப்பட ஒண்ணுமில்லைன்னு எனக்கே தோணின பிறகுதான் பாட்டிலைக் கையில எடுத்தேன்.

அதுக்கப்புறம் சும்மா சொல்லக்கூடாது, செம ஆட்டம்! தலைமையாசிரியர் தலை பச்சை, கணக்கு டீச்சர் ஊதா. கடைசிச் சுத்துக்கு மக என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. ஆணி புடுங்கிப் புடுங்கி வளர்ந்த தொப்பையோட ஒரு மைல் ஓடினேன், நம்புங்க. முடிச்சதும் அவ சிவப்பும் மஞ்சளுமா என் மேல பாய்ஞ்சா. நான் தள்ளி நிக்கல.

(ஓடப் போறவங்களுக்கு: தலைக்கு நல்லா தேங்காய் எண்ணெய் வச்சுட்டுப் போங்க. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. வந்ததும் தண்ணி ஊத்தாம முதல்ல வெளிய நின்னு பவுடரைத் தட்டி விடுங்க. மறந்தா குளியல் தொட்டிக்கு ஹோலிதான்.)

சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோ போட்டேன். ஊர்ல விடிஞ்சிருந்துச்சு. பேத்தி இன்னும் குளிக்கல, காதுக்குள்ள வரைக்கும் கலர். அம்மா சிரிக்கல. போனைக் கிட்ட வச்சு உத்துப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"யய்யா, பக்கத்துல அடுப்பு கிடுப்பு எதுவும் இல்லையே?"

"இல்லம்மா. தள்ளி வச்சாச்சு."

அப்புறம்தான் சிரிச்சாங்க.