கைபர் பாதையில் கேட்ட துஆ

உம்ராவுக்குச் சென்று மதீனா முனவ்வராவில் தங்கும் நம்மவர்களை ஸியாரத்துக்கென்று பஸ்ஸில் ஏற்றிச் செல்வார்கள். குபா, கிப்லத்தைன், உஹத் என்று காட்டிவிட்டு ளுஹருக்கு முன்னர் திருப்பிக் கொண்டு வந்து இறக்கிவிடுவார்கள். வழமையான அந்தச் சுற்றில் கைபர் இல்லை. அது மதீனாவுக்கு வடக்கே, தபூக் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஆனால் உங்களில் பலர் மனனமிட்டு வைத்திருக்கும் ஒரு துஆ அந்தப் பாதையோடு சேர்ந்தது. போகக் கிடைக்காவிட்டாலும், வாருங்கள், மனத்தால் போய் வருவோம்.

வழியெங்கும் கருங்கல். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய நிலம் அது. அரபிகள் 'ஹர்ரா' என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுத்துக் கிடக்கும் அந்தப் பூமியின் இடையே திடீரென்று பள்ளத்தாக்குகள், ஊற்றுக்கள், ஈச்ச மரங்கள். அதுதான் கைபர். மண்ணாலும் கல்லாலும் கட்டிய பழைய ஊர் இன்று ஆளில்லாமல் கிடக்கிறது. மேலே பாறையின் மீது கோட்டை. இந்தப் பசுஞ்சோலையைச் சுற்றி ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே 14 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் மதில் எழுப்பியிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டார்கள். நாளை என்ன வருமோ என்ற பயம் மனிதனுக்குப் புதியதல்ல!

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (கி.பி. 628) நபி (ஸல்) அவர்கள் கைபருக்குப் புறப்பட்டபோது, தமக்குப் பணிவிடை செய்ய ஒரு பையனைத் தரும்படி அபூ தல்ஹா (ரழி) அவர்களிடம் கேட்டார்கள். அவர் தம் மனைவி உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் மகன் அனஸை ஒட்டகத்தில் தமக்குப் பின்னால் ஏற்றிக் கொண்டு வந்தார். பருவத்தை நெருங்கிய பிள்ளை. நபியவர்கள் இறங்கித் தங்கும்போதெல்லாம் பணி செய்த அந்தப் பிள்ளையின் காதில்தான் இந்த துஆ அடிக்கடி விழுந்தது. புஹாரியில் அவரே இதை அறிவிக்கிறார்.

எட்டு விடயங்களை விட்டும் அதில் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடப்படுகிறது. முதலில் வருவது 'ஹம்மு', அடுத்தது 'ஹஸன்'. இன்னும் வராததை நினைத்து உள்ளம் உருகுவது ஹம்மு என்றும், நடந்து போனதை நினைத்து வருந்துவது ஹஸன் என்றும் உலமாக்கள் விளக்குவார்கள். பின்னர் இயலாமையும் சோம்பலும், கஞ்சத்தனமும் கோழைத்தனமும், கடைசியில் கடன் பளுவும் மனிதர்களின் அடக்குமுறையும்.

சகோதரியே, இந்த வரிசையைச் சற்று நின்று கவனியுங்கள். நாளைய கவலை வந்தால் கை ஓய்கிறது. கை ஓய்ந்தால் சோம்பல். பயந்தவர் கொடுப்பதை நிறுத்துகிறார். கடன் ஏறுகிறது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து குரலை உயர்த்துகிறான். நம் வீட்டுக் கதையே அல்லவா இது? வெளிநாட்டுக்குப் போனவரின் பணம் இந்த மாதம் வருமா, அடகு வைத்த நகையை எப்போது மீட்பது, குமருக்கு என்ன செய்வது என்று இஷாவுக்குப் பின் தூக்கமின்றிப் புரளும் தாய்மார் எத்தனை பேர்! 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில் அந்தக் கவலை எல்லா வீட்டுக்கும் வந்தது.

'இத்தனை தரம் ஓதினால் இத்தனை நாளில் கடன் தீரும்' என்று அட்டையில் அச்சிட்டு விநியோகிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அனஸ் (ரழி) அவர்களின் இந்த அறிவிப்பில் எண்ணிக்கையும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. அடிக்கடி கேட்டேன் என்கிறார், அவ்வளவுதான். கேட்ட இடமோ பயணத்தில் இறங்கும் தரிப்பிடங்கள்! முன்னால் கோட்டை கோட்டையாக எதிரிகள். கையிருப்போ சொற்பம். கைபருக்கு அண்மையிலுள்ள ஸஹ்பாவில் அஸர் தொழுத பின் உணவு கேட்டபோது வறுத்த மா மட்டுமே கொண்டுவரப்பட்டது. அதை நனைத்து எல்லோரும் உண்டார்கள். வாய் கொப்பளித்து மஃரிபைத் தொழுதார்கள். மறுநாளும் ஒட்டகத்துக்குச் சேணம் கட்ட வேண்டும். அப்படிப் புறப்படுகிறவரின் வாயிலிருந்து வந்த துஆ இது. தையல் இயந்திரத்தின் முன்னாலோ இடியப்பம் அவிக்கும் அடுப்படியிலோ இருந்து நீங்கள் ஓதினால், அது தன் சொந்த இடத்தில்தான் ஓதப்படுகிறது என்பேன்.

கைபர் வெற்றியான செய்தி வந்தபோது, இனி வயிறார ஈச்சம்பழம் உண்போம் என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னதாகவும் புஹாரியில் உண்டு. அதற்கு முன் அந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

திரும்பி வரும் வழியில் உஹத் மலை கண்ணில் பட்டது. அது நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்று நபியவர்கள் சொன்னதையும் அதே அனஸ் (ரழி) கேட்டுக் கொண்டு வந்தார். ஊர் வந்ததும் இன்னொன்று நடந்தது. வெறுங்கையோடு ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களுக்கு அன்ஸாரிகள் ஈச்ச மரங்களின் பலனைக் கொடுத்திருந்தார்கள். கைபரின் பின் முஹாஜிர்கள் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். அனஸின் தாயார் உம்மு ஸுலைமும் நபியவர்களுக்குச் சில மரங்களைக் கொடுத்திருந்தார். அவற்றை நபியவர்கள் உம்மு ஐமன் (ரழி) அவர்களுக்கு வழங்கியிருந்தார்கள். அந்த மரங்கள் இப்போது உம்மு ஸுலைமிடம் திரும்பி வந்தன. உம்மு ஐமனுக்கு அவற்றுக்குப் பதிலாகத் தமது தோட்டத்திலிருந்தே நபியவர்கள் வேறு மரங்களைக் கொடுத்தார்கள்.