பன்னிரண்டு அட்டைகள்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ். ஜன்னலோரம் பெரியப்பா, இடது கையைத் துண்டுக்குள் மறைத்தபடி. கல் வேலைக்காரர். சுத்தியல் பிடிக்கும் கைக்கு ஒன்றுமில்லை. உளி பிடிக்கும் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. "உளி நழுவுதுடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கை மேல் இருந்த உணர்ச்சியற்ற தேமலை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

*

தொழுநோய் என்றார்கள். மாத்திரை ஓர் அட்டைக்கு 28 நாள். மொத்தம் 12 அட்டை. மாதத்தின் முதல் வேளை மட்டும் ஊழியர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். அன்று ரிஃபாம்பிசின் உண்டு, சிறுநீர் சிவக்கும். அதற்குப் பயந்து ஊரில் மாத்திரையை விட்டவர்கள் உண்டு. குளோஃபாசிமின் தோலைக் கருக்கும். பெரியப்பாவுக்கு அது பெரிய கவலையில்லை. "வெயில்ல கல்லு செதுக்கறவன் வெள்ளையாவா இருப்பான்?"

*

மூன்றாவது அட்டை. வெளிறிக் கிடந்த தேமல் சிவந்து தடித்தது. முழங்கையின் உட்புற நரம்பைத் தொட்டாலே துடித்தார். "மருந்துதான்டா கெடுக்குது." ஒன்பது நாள் மாத்திரை போடவில்லை. நானும் சரிதான் என்று நினைத்தேன்.

இதற்கு ரியாக்‌ஷன் என்று பெயராம். ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் செத்த கிருமியின் மிச்சம் உடம்பில்தான் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு அதன்மேல் பாயும்போது, நடுவில் மாட்டிக்கொள்வது நரம்பு. அட்டையை நிறுத்தக் கூடாது; கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தர வேண்டும், அதையும் சீக்கிரம். நரம்பு செயலிழந்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் மீள்வது அரிது.

மருந்து கொடுத்த இடத்தில் இதை ஒருவரும் முதலிலேயே சொல்லவில்லை. இரண்டு நிமிடப் பேச்சு. அதுவும் மருந்துதான் என்பேன்.

*

ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாய்க் குறைந்தது. 20-க்கு வந்தபோது வலி திரும்பியது. மறுபடி ஏற்றினார்கள். பெரியப்பா அன்று சாப்பிடவில்லை.

*

திருமணி. எங்கள் பஸ் போகும் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில்தான். லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்த இடத்தை 1955-ல் மத்திய அரசு எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1947 வாக்கில், தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அழைத்து பால் பிராண்ட் இங்கே வந்தார்; எலும்பு அறுவை மருத்துவர், வேலூர் சி.எம்.சி.யில் வேலை. மடங்கிப்போன ஒரு கையிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னாராம். வலிக்க வலிக்க இறுக்கியது அது. உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள்தான் போயிருந்தன. முன்கைத் தசைகளுக்குப் பலம் அப்படியே இருந்தது. அந்தப் பலத்தை இரவல் வாங்கி விரலை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவைகள் அதற்கப்புறம் வேலூரில் வளர்ந்தன.

அறுவையோடு முடிவதில்லை. இடம் மாறிய தசைநாணுக்குப் புது வேலை பழக வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி.

*

என் நோட்டில் காகிதச் சோதனை. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு தாள். நான் இழுப்பேன், அவர் விடாமல் பிடிக்க வேண்டும்.

நழுவியது. நின்றது. நின்றது. நழுவியது. நழுவியது. நின்றது (பஸ் டிக்கெட், தாளைவிடச் சொரசொரப்பு, கணக்கில் சேர்க்கலாமா?).

பிசியோதெரபிஸ்ட் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "தினமும் இழுக்காதீங்க. மாசம் ஒரு தடவை போதும்." என்னால் முடியவில்லை.

*

கடற்கரைச் சாலை டீக்கடை. கண்ணாடி டம்ளரை இடது கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான்தான் பிடுங்கினேன். விரலில் அதற்குள் கொப்புளம். "சுட்டுச்சா என்ன?" என்று என்னைக் கேட்டார்.

இப்போது இரவில் 20 நிமிடம் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுகிறார். விரல் விரலாகக் கண்ணால் பார்த்துக் காயம் தேடுகிறார்.

*

பன்னிரண்டாவது அட்டை முடிந்தது. கிருமி இல்லை, குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அட்டை முடிந்த பிறகும் ரியாக்‌ஷன் வரலாம், சிவந்தால் உடனே வாருங்கள் என்று இந்த முறை சொல்லி அனுப்பினார்கள்.

சுண்டுவிரல் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி, உளியின் பிடிமேல் சுற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று சுற்று போதவில்லையாம், நான்காவது.

இன்றைய தாள்: நழுவியது.