புதைமேடு
ஊர்ப்பெயர் எதைக் கண்டாலும் வேர் தேடுவது என் பழக்கம். அயர்லாந்தின் கால்வே மாவட்டத்துச் சிற்றூர் டூவம். ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்குப் புதைமேடு என்று பொருள்.

ஊரின் பெருமை கேட்டால் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவையைச் சொல்வார்கள், பேராலயத்தின் செம்மணற்கல் வளைவைச் சொல்வார்கள். புனிதர் ஜார்லத்தின் தேர்ச்சக்கரம் உடைந்த இடத்தில் ஊர் எழுந்ததாம். 1925 முதல் 1961 வரை அங்கே கன்னியர் நடத்திய தாய்சேய் இல்லம் மட்டும் நெடுங்காலம் இந்தப் பெருமைக் கதைகளில் இல்லை. மணமாகாமல் கருவுற்ற பெண்களை அதில் ஒளித்துவைத்தார்கள். பெற்றவளை ஓராண்டு கூலியில்லாமல் வேலை வாங்கி வெளியே அனுப்பினார்கள்; பிள்ளை உள்ளே இருந்தது. (ஆண்களுக்கென்று அப்படியோர் இல்லம் யாரும் கட்டவில்லை.)

கேத்தரின் கார்லெஸ் அந்த வட்டாரத்து இல்லத்தரசி. மாலை வகுப்பில் உள்ளூர் வரலாறு படித்தவர். அந்த இல்லத்தின் இறப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். 796 குழந்தைகள். ஊர்க் கல்லறைப் பதிவேட்டில் ஏறக்குறைய யாருமே இல்லை. 2017இல் அரசு ஆணையம், இல்லம் இருந்த இடத்தில் நிலத்தடி அறைகளுக்குள் குழந்தைகளின் எலும்புகள் கிடந்ததை உறுதிசெய்தது. 2025இல்தான் முழுமையாகத் தோண்டத் தொடங்கினார்கள்.

பள்ளி நாளில், இல்லத்துச் சிறுமி ஒருத்திக்கு மிட்டாய் இல்லாத மிட்டாய்த்தாளைச் சுற்றிக் கொடுத்து ஏமாற்றியதைக் கார்லெஸ் தானே சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் வகுப்பிலும் ஒரு விடுதிப் பெண் இருந்தாள். அவள் நீட்டிய கடலைமிட்டாயை நான் வாங்கவில்லை. முகம் நினைவிருக்கிறது. பெயர் வரவில்லை.