இரண்டு கோடுகள்

கோலா பிலா. ஜுவாசே போகும் சாலையை ஒட்டிய தோட்டம். மாலை ஐந்தரை. செம்பனை வரிசை முடியும் இடத்தில் திடல். ஓரத்தில் பழைய மண்டபம்.

மண்டபச் சுவரில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். மேலே 163. கீழே 157. போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் கேட்கும் உயரம், சென்டிமீட்டரில். பக்கத்தில் நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டிய படம்: 2017இல் பினாங்கு மாநில போலீஸ் தலைவரான ஏ. தெய்வீகன். ஓரங்கள் சுருண்டிருக்கின்றன.

ஓய்வுபெற்ற சார்ஜன் விசிலைத் துடைக்கிறார். அவர் நோட்டில் நான்கு பெயர்கள். பெயருக்கு நேரே வயது.

18. பையன் கோட்டின் கீழ் நிற்கிறான். குதிகால் எழுகிறது. சார்ஜன் அவன் தோளில் கை வைக்கிறார். குதிகால் இறங்குகிறது. உச்சி கோட்டைத் தொடுகிறது. அவன் மூச்சு விடுகிறான்.

19. பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பையன். தாத்தாவின் அப்பா, 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் தோட்டம் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். இவனுக்கு மனுவில் எழுத ஒரு கதை இருக்கிறது. வயிறும் இருக்கிறது.

27. மோட்டாரை நிறுத்துகிறான். ஹேண்டிலில் காவல் நிறுவனத்தின் நீலச் சட்டை. ஏழு மணிக்கு ஷிஃப்ட். பன்னிரண்டு மணி நேரம். கூட நிற்பவர் நேபாளத்து முன்னாள் ராணுவ வீரர். போலீஸ் மனுவுக்கு வயது வரம்பு 28. இவன் அடையாள அட்டையை எடுத்துப் பார்க்கிறான். உள்ளே வைக்கிறான்.

21. பெண். லயத்திலிருந்து நடந்தே வருகிறாள். கூட அம்மா. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்.

விசில். நால்வரும் ஓடுகிறார்கள். முதல் சுற்றில் 18 முன்னால். மூன்றாவது சுற்றில் 27 முழங்காலைப் பிடிக்கிறான். சார்ஜன் நோட்டில் எழுதுகிறார். 27க்கு: மெதுவோட்டம், முட்டிக்குப் பயிற்சி. 19க்கு: இரவுச் சோறு பாதி. 21க்கு: தண்டால். 18க்கு: தினம் அரைப் பக்கம் மலாய் நாளிதழ், உரக்க.

19 நாளிதழைப் பிடிக்கிறான். 18 வாசிக்கிறான். தடுக்கும் இடத்தில் 19 மெல்லச் சொல்லிக் கொடுக்கிறான். 18 திரும்பச் சொல்கிறான்.

வியர்வை காய்கிறது. நேர்காணல் ஒத்திகை. கேள்வி மலாயில். ஏன் போலீசாக வேண்டும்?

18: தாத்தா இந்தத் தோட்டத்து ஜாகா. தொப்பி இருந்தது, சம்பளம் இல்லாத மாதமும் இருந்தது. அரசாங்க வேலை வேண்டும்.

19: குடும்ப வழக்கம்.

27: மகன் அடுத்த வருடம் பள்ளிக்கூடம். குவார்ட்டர்ஸ்.

பெண் தமிழில் தொடங்குகிறாள். "அம்மா ஒரு தடவ ஸ்டேஷனுக்குப் போனாங்க, சார்ஜன். நடந்தத மலாயில சொல்லத் தெரியல. புகார் குடுக்காமலே திரும்பி வந்துட்டாங்க."

கீரை ஆயும் கை நிற்கிறது.

"இதையே மலாயில சொல்லும்மா."

சொல்கிறாள். ஒரு சொல் தவறுகிறது. 19 திருத்துகிறான்.

"இன்னும் சத்தமா. அங்க மூணு ஆபீசர் உட்கார்ந்திருப்பாங்க."

நிமிர்ந்து நின்று மறுபடி சொல்கிறாள். தவறே இல்லை. சார்ஜன் தண்டாலுக்கு நேரே எழுதியதை அடிக்கவில்லை. கீழே இன்னொரு வரி சேர்க்கிறார்: மனு நாளைக்கே.