கங்காணி இல்லாத கப்பல்

நாகப்பட்டினத்துக்குப் போகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வார்கள். சிலர் சிக்கல் சிங்காரவேலரைத் தரிசிக்கப் போகிறார்கள். சிலர் நாகூர் தர்காவுக்குப் போகிறார்கள். சிலர் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பிரார்த்தனை செலுத்தப் போகிறார்கள். திருவாரூரிலிருந்து கிழக்கே செல்லும் ரயிலில் இந்த மூன்று வகையாரும் முதலில் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, கீவளூர் தாண்டுவதற்குள் முறுக்கையும் வாழைப்பழத்தையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். சமரசத்தைப் பற்றி மேடைகளில் பேசுவோர் ஒருமுறையாவது அந்த ரயிலில் பிரயாணம் செய்வது நல்லது.

நான் கோடை விடுமுறையில் அங்கே சென்றது நான்காவது காரணம் ஒன்றுக்காக. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிப்பது என் தொழில். நம் நாட்டு ஏழை ஜனங்கள் லக்ஷக்கணக்கில் கடல் கடந்து சென்ற விஷயம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. ஆனால் என் வகுப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி அந்த ஒரு பத்தியைப் பற்றியதுதான். "வெளிநாட்டில் வேலைக்குப் போக வேண்டும், ஸார். நம்பிக்கையான ஏஜெண்டு யாராவது தெரியுமா?" ஏஜெண்டு இல்லாமல் போக முடியுமா என்று ஒருவர் கூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பதில் கிடைத்த ஊர் நாகப்பட்டினம்.

துறைமுகம்

கடுவையாறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகம் இருக்கிறது. இன்று அங்கே அதிகமாகத் தென்படுபவை மீன்பிடி விசைப்படகுகளே. ஆனால் இந்த மணலுக்கு ஆயிரம் வருஷத்து ஞாபகம் உண்டு. ராஜராஜ சோழன் காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜய மன்னன் கட்டுவித்த சூடாமணி விஹாரம் இந்த ஊரில்தான் இருந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் இதைப் பிடித்தார்கள். 1781-இல் ஆங்கிலேயர்கள் அவர்களிடமிருந்து கைப்பற்றினார்கள். பிறகு ஆங்கிலேயருடைய ரப்பர்த் தோட்டங்கள் மலாய் நாட்டில் பெருகியபோது, அத்தோட்டங்களுக்கு வேண்டிய கைகளும் கால்களும் இந்தத் துறையிலிருந்தே கப்பலேறின.

பெரிய கப்பல்கள் கரைக்கு அருகில் வர முடியாது; தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஜனங்கள் படகுகளில் சென்று ஏறவேண்டும். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரைச் சொன்னால் இவ்வூர் முதியவர்களின் முகம் இன்றும் மலர்கிறது. அந்தக் கப்பல் 1973 வரையில் ஓடியது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985-இல் கடலில் தீப்பிடித்ததோடு மலாயாப் பிரயாணிக் கப்பல் என்பதே இல்லாமல் போயிற்று. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை இவ்வூருக்குச் செய்ததைச் சொல்லவேண்டியதில்லை. 2023 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பிரயாணிக் கப்பல் தொடங்கியபோது, ஊரே கரையில் நின்று பார்த்ததாகத் தேநீர்க் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

கங்காணி

அந்தக் காலத்தில் மலாய் நாட்டுக்கு ஆள் சேர்த்த விதம் என்ன? முதலில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. அது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் கங்காணியின் ராஜ்யம். கங்காணி என்பவர் வேற்று மனிதர் அல்ல. நம் ஊரிலிருந்து போய்த் தோட்டத்தில் தலையாளாக இருப்பவர். துரை லைசென்ஸு வாங்கிக் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் ஆள் கொண்டு வா" என்று அனுப்புவார். கங்காணி புது வேஷ்டியும் குடையுமாக ஊருக்குள் வருவார். மழை பொய்த்த வருஷமாக இருந்தால் அவருக்குச் சிரமமே இல்லை. கொண்டு போகும் ஆள் ஒவ்வொருவருக்கும் அவருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. தோட்டத்தில் அவர்கள் வேலைக்கு இறங்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனிக்கவேண்டும். தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, 1907-இல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அதற்குப் பிறகு தொழிலாளியின் கப்பல் சத்தத்தை அந்த நிதியே கொடுத்தது. சட்டப்படி அவன் கடனில்லாமல் கரையிறங்கினான். ஆனாலும் கங்காணியோடு வந்தவன் கங்காணியின் ஆளாகவே இருந்தான். ஏன்? தோட்டம் எங்கே இருக்கிறது, கூலி எவ்வளவு, குறைவு வந்தால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் கங்காணிக்குத்தான் தெரியும். கடன் சங்கிலியை அறுத்தாலும் அறியாமை என்னும் சங்கிலி அறுபடவில்லை.

பாப்பாகோவில்

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி போகும் சாலையில் பாப்பாகோவில் என்ற கிராமம் இருக்கிறது. யாத்ரிகர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடும் ஊர். நான் அங்கே இறங்கியபோது கண்டக்டர், "வேளாங்கண்ணி இன்னும் வரவில்லையே!" என்று இரண்டு தடவை எச்சரித்தார். வெயிலில் சிறிது தூரம் நடந்தேன். தென்னைகளையும் தரிசு வயலையும் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நான் பார்க்க வந்த ஸ்தலம் இதுதான்.

மலாய் நாட்டுக்குச் செல்வோரைத் தங்கவைக்கும் முகாம்கள் நம் மாகாணத்தில் இரண்டு இருந்தன. ஒன்று சென்னைக்கருகே ஆவடியில். மற்றொன்று இந்தப் பாப்பாகோவிலில். கங்காணிகள் கூட்டி வந்தவர்கள் இங்கே தங்கினார்கள். ஆனால் கங்காணி யாரும் இல்லாமல், தாங்களாகவே நடந்து வந்து முகாமின் வாசலில் நின்றவர்களும் இருந்தார்கள். "என் அண்ணன் இன்ன தோட்டத்தில் இருக்கிறான், நானும் அங்கே போகவேண்டும்" என்று அவர்கள் உத்தியோகஸ்தரிடம் நேரே சொன்னார்கள். அவர்களுக்கும் இலவசமாகவே கப்பல் கிடைத்தது. சர்க்கார் கணக்குகளில் இவர்களுக்கு 'ஆள் சேர்க்கப்படாதவர்கள்' என்று பெயர். 1930-களில் இவர்களுடைய தொகை, கங்காணியோடு வந்தவர்களின் தொகையை மிஞ்சிவிட்டது.

இவர்கள் பெரும் படிப்பாளிகளா? இல்லை. தபால்காரரையோ ஊர் வாத்தியாரையோ கொண்டு கடிதம் படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள். ஆனால் எந்தத் தோட்டம், என்ன கூலி, அங்கே நமக்கு யார் துணை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்தக் கடிதத்தில் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்ட பிறகு கங்காணியிடம் வாங்குவதற்கு ஒன்றுமே பாக்கி இல்லை!

மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் 1936-ஆம் வருஷக் கடைசியில் மலாயா சென்று பார்த்து அறிக்கை எழுதினார். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்தவர் அவர். ஆகையால் எங்கள் ஜாதி என்று உரிமை பாராட்ட எனக்குப் பாத்தியம் உண்டு. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை இனி வேண்டாம் என்று அவர் சொன்னார். பிறகு தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, 1938 ஜூனில் இந்திய சர்க்கார் இவ்விதம் உதவி பெற்றுத் தொழிலாளர் போவதையே நிறுத்திவிட்டது. பாப்பாகோவிலின் வேலையும் அத்துடன் முடிந்தது.

புதிய கங்காணி

கங்காணி மறைந்துவிட்டாரா? அன்று மாலையே அவரைச் சந்தித்தேன். நேரில் அல்ல, ஒரு காகிதத்தில்.

வெளிப்பாளையத்தில் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். இயந்திரத் தொழிலில் டிப்ளோமா பெற்றவன். நான் வந்திருப்பது தெரிந்து வீட்டுக்கு அழைத்துப் போனான். காப்பி கொடுத்த அவன் தாயார், "ஸார், தம்பி அடுத்த மாதம் துபாய் போகிறான். நீங்கள் வந்தது நல்ல சகுனம். உங்கள் கையாலே ஆசீர்வாதம் பண்ணுங்கள்" என்றார். ஏஜெண்டு கேட்டது ஒன்றரை லக்ஷம் ரூபாய். அந்த அம்மாள் கழுத்திலிருந்த சங்கிலி சனிக்கிழமை அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு.

"காகிதங்களைக் காட்டு, அப்பா" என்றேன். ஒரு பெரிய கம்பெனியின் பெயர் போட்ட வேலைக் கடிதம். கூடவே ஒரு விஸா. விஸா ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்படுவது, ஒரு மாதத்துக்கு.

"போனவுடன் வேலை விஸாவாக மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம், ஸார்."

"யார் மாற்றுவார்கள்?"

பையன் ஏஜெண்டின் பெயரைச் சொன்னான். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதாவை இந்திய சர்க்காரின் 'இ-மைக்ரேட்' தளத்தில் யாரும் பார்க்கலாம். அவன் கைப்பேசியிலேயே பார்த்தோம். அந்தப் பெயர் அதில் இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்டு கூட 30,000 ரூபாயும் அதன் மேல் வரியுமே வாங்கலாம் என்பது விதி. பிறகு, கடிதத்தில் பெயர் இருந்த கம்பெனியின் சொந்த விலாசத்தைத் தேடி, அதற்கே நாலு வரி எழுதச் சொன்னேன். இங்கிலீஷில் எழுத அவன் தயங்கினான். "பரீக்ஷையில் லீவ் லெட்டர் எழுதினாயே, அந்த இங்கிலீஷ் போதும்" என்றேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: அப்படி ஒரு கடிதத்தை அவர்கள் அனுப்பவே இல்லை.

சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை. ஆனால் அந்த அம்மாளின் முகத்தில் சந்தோஷத்தை நான் காணவில்லை. "அப்படியானால் தம்பிக்கு வேலை?" என்றார். நியாயமான கேள்வி. ஏஜெண்டு பொய்யன் என்று நிரூபித்துவிட்டால் வீட்டில் உலை கொதித்துவிடாது.

வாசல் திறந்திருக்கிறது

ஆகையால் அன்றிரவு அவனுக்குச் சொன்னதை இங்கே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

வேலை விஸாவுக்கு மனுச் செய்யவேண்டியவர் வேலை கொடுப்பவர். சிங்கப்பூரில் முதலாளிதான் மனிதவள அமைச்சுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அமைச்சு முன் அனுமதிக் கடிதம் தரும். சாதாரணத் தொழிலாளியானால் சம்பளமும் பிடித்தங்களும் அதில் எழுதியிருக்கும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அது அவன் கைக்கு வந்து சேரவேண்டும். அது செல்லுமா என்று அமைச்சின் தளத்திலேயே சரிபார்க்கலாம். துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு நாட்டைப் பற்றிய விளம்பரங்கள் என்ன சொன்னாலும், அந்நாட்டின் 2021-ஆம் வருஷத்துத் தொழிற் சட்டம் சொல்வது ஒன்றே: ஆள் சேர்க்கும் செலவு முதலாளியுடையது, தொழிலாளியிடம் அதை வசூலிக்கக்கூடாது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெறவேண்டும். இது 1983-ஆம் வருஷத்துச் சட்டம். அந்நிய நாட்டு முதலாளி 'இ-மைக்ரேட்'டில் தாமே பதிவு செய்துகொண்டு, ஏஜெண்டு இன்றி ஆள் எடுக்கவும் அதில் இடமுண்டு. அப்படிப் போகிறவருக்கு எழுதின ஒப்பந்தம் உண்டு; விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் கிடைக்கும் இன்ஷியூரன்ஸும் உண்டு. தனியாகத் துணிய முடியாதவர்களுக்கும், நர்ஸு வேலைக்குப் போகும் பெண்களுக்கும், தமிழ்நாட்டுச் சர்க்காரே 1978-இல் ஏற்படுத்திய அயல்நாட்டு மனிதவளக் கழகம் இருக்கிறது.

பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கோ இந்த அனுமதி வேண்டியதில்லை. படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம். எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்று, மியான்மாரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் அகப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட நம் பிள்ளைகள் படித்தவர்களே. பரீக்ஷையில் தேறுவது வேறு. நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்ப்பது வேறு. பள்ளிக்கூடங்களில் முன்னதை மட்டுமே கற்பிக்கிறோமோ என்று உபாத்தியாயர்கள் யோசிக்கவேண்டும்.

ஏஜெண்டு இல்லாமல் போகும் வழி சீக்கிரமான வழி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மாணவன் இதுவரை பதினோரு கம்பெனிகளுக்கு எழுதியிருக்கிறான். இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று 'இல்லை' என்றது. மற்றொன்று, வெல்டிங்கில் இன்ன சான்றிதழ் இருந்தால் மறுபடியும் எழுதவும் என்றது. பையன் இப்போது அந்தச் சான்றிதழுக்குப் படிக்கிறான். ஏஜெண்டு மூலம் போயிருந்தால் அவனுக்கு என்ன குறை என்பதே அவனுக்குத் தெரிந்திராது.

நாகூர்க் கடற்கரை

ஊர் திரும்புமுன் நாகூருக்கும் போய்வந்தேன். தர்காவின் மினாராக்களை மாலை வெயிலில் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. இதே நாகூர் ஆண்டவரின் பெயரால் பினாங்கில் சூலியாத் தெருவருகே ஒரு தர்கா உண்டு. சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டிய மற்றொன்று உண்டு. இக்கரையிலிருந்து வியாபாரத்துக்குப் போனவர்கள் அங்கே எழுப்பியவை அவை. எந்தக் கங்காணியும் அவர்களைக் கூட்டிப் போகவில்லை. முன்னே சென்ற மாமனோ மைத்துனனோ எழுதிய கடிதத்தை நம்பிக் கப்பலேறினார்கள். பின்னே வருகிறவர்களுக்குத் தாங்களும் கடிதம் எழுதினார்கள்.

வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் நேயர்கள் இந்தப் பத்திரிகையை ஊரிலிருந்து வருவித்துப் படிப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊருக்குப் பணம் அனுப்புகிறீர்கள், மெத்த சந்தோஷம். அடுத்த முறை அதனுடன், உங்கள் தெருவிலுள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். அங்கே என்ன வேலை இருக்கிறது, சம்பளம் எவ்வளவு, யாருக்கு நேரே எழுதவேண்டும் என்ற மூன்றே விஷயங்கள் போதும். ஒரு தாயாரின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கும்.